வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி

அனுப்புநர்:
அறிவியல் பக்க உதவி ஆசிரியர்,
நாளிதழ் அலுவலகம், இரண்டாம் தளம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பத்திரிகைப் புகார் மன்றம்.

பொருள்: "சர்க்கரை நோயாளிகளுக்கு இனி ஊசி வேண்டாம்" என்று முதல் பக்கத்தில் வந்த செய்திக்கு, அதே பக்கத்தில் அதே அளவில் மறுப்பு வெளியிட உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி செய்தியை எழுதியவன் நானே. புகார் கொடுப்பவனும் குற்றவாளியும் ஒரே ஆளாக ஒரு மனு வருவது தங்கள் மன்றத்துக்குப் புதிதாக இருக்கலாம். எனக்கும் புதிதுதான்.

2. கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக ஓர் ஆய்வுக்கூடம் அறிவித்தது. சோதித்தது நாற்பது எலிகளிடம். மனிதர் ஒருவரிடமும் இல்லை. இதையும், யாரும் ஊசியை நிறுத்தக் கூடாது என்பதையும் தெளிவாகவே எழுதினேன். ஆனால் கடைசிப் பத்தியில் எழுதினேன்.

3. விளம்பரம் வந்து இடம் போதாவிட்டால், எங்கள் அலுவலகத்தில் செய்தியைக் கீழிருந்து வெட்டுவார்கள். பக்கம் வடிவமைப்பவர் யாரையும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இராது. பதினாறு ஆண்டுகளாக இது எனக்குத் தெரியும். எச்சரிக்கையை மேலே வைத்தால் "சப்புன்னு இருக்கே" என்று செய்தி ஆசிரியர் முகம் சுளிப்பார் என்பதும் தெரியும். அன்று கட்டில், மெத்தை விளம்பரம் ஒன்று வந்தது. பத்தி போயிற்று. தலைப்பைச் செய்தி ஆசிரியரே வைத்தார்.

4. என் அக்கா இருபது ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பவர். அன்றே ஊசியை நிறுத்திவிட்டார். அத்தான் தடுத்தபோது, "யாரோ எழுதலைங்க, என் தம்பி எழுதியிருக்கான். அவனுக்குத் தெரியாதா?" என்றாராம். நான்காம் நாள் நினைவிழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அத்தான் சட்டைப் பையிலிருந்து செய்தித் துண்டை எடுத்து மருத்துவரிடம் நீட்டினார். படித்துவிட்டு அவர் கேட்டது: "இதை எழுதினது யாருங்க?" நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

5. அலுவலகம் மறுப்பு வெளியிட்டது உண்மை. பதினோராம் பக்கம், வானிலைக்குக் கீழே, இரண்டு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்த கூட்டத்தில் நானும் இருக்கிறேன்.

6. நேற்று அக்கா கண் திறந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. நினைவிழப்பதற்கு முன்பே செய்தியை ஆறு நகல் எடுத்து, மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவின் வரிசையில் இருந்தவர்களிடம் கொடுத்திருக்கிறாராம். அவர்களைத் தேடிப் பார்க்கச் சொன்னார். நான்கு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். மற்ற இருவரில் ஒருவர் தையற்காரர், ஒருவர் பேருந்து ஓட்டுநர். அதற்குமேல் அக்காவுக்குத் தெரியவில்லை. அந்த ஓட்டுநர் இன்றும் ஊசி போடாமல் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

7. ஆகவே, நாளையே மறுப்பை முதல் பக்கத்தில், அதே எழுத்தளவில், "எலிகள்" என்ற சொல் தலைப்பிலேயே இருக்கும்படி வெளியிட உத்தரவிடுங்கள். என் மீது எந்த நடவடிக்கையும் எடுங்கள். ஆனால் என் பெயரை மட்டும் பழைய இடத்திலேயே, தலைப்புக்குக் கீழேயே, போடச் சொல்லுங்கள். "என் தம்பி எழுதியது" என்று அந்தப் பெயரைக் காட்டித்தான் அக்கா நகல்களைக் கொடுத்தார். அந்தப் பெயரைப் பார்த்தால்தான் அந்த இருவரும் நின்று படிப்பார்கள்.

இடம்: தீவிர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறை
நாள்: செய்தி வெளியான ஒன்பதாம் நாள்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
அறிவியல் பக்க உதவி ஆசிரியர்