கஞ்சி குடிக்கும் இயந்திரம்

நாள் 1. காலை 6.10
நிலவுக் குடியிருப்பு, கழிவுநீர்ப் பிரிவு. பதிபவர்: சங்கரபாண்டி, ஃபிட்டர். ஐ.டி.ஐ., இரண்டாம் முறையில் பாஸ்.
பிழியும் இயந்திரம் ஓடுகிறது. கழிவுச் சகதியை இரண்டு துணிப் பட்டைகளுக்கு நடுவே வைத்து உருளைகள் நசுக்கும், தண்ணீர் வடியும். கரும்புச்சாறு மெஷினை நினைத்து நானே வரைந்தது. பொறியாளர்கள் சிரித்தார்கள். பிறகு குடித்தார்கள்.

நாள் 9. மாலை 4.40
நில அதிர்வு. இணைப்புச் சுரங்கம் இடிந்துவிட்டது. இந்தப் பக்கம் நான் ஒருவன். அந்தப் பக்கம் எட்டுப் பேர். அதில் என் மகள் பூவிழியும். குழாய்கள் தப்பின. அவர்கள் கழிவு இங்கே வருகிறது, பிழிந்த தண்ணீர் அங்கே போகிறது. வேறு தண்ணீர் அவர்களுக்கு இல்லை. மீட்புக் கலம் வர ஐம்பது நாளாகும். சாப்பாடு அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் ஒரு மூட்டை அரிசி.
வானொலியில்: "அப்பா, ஜூஸ் கடை ஓடுதா?"
"ஓடுதும்மா. ஐஸ் மட்டும் கேக்காத."

நாள் 17. காலை 11.00
சகதியைத் திரளவைக்கும் மருந்து தீர்ந்தது. திரளாத சகதி துணியை அடைக்கிறது. யோசித்தேன். வடித்த கஞ்சியை ஊற்றினேன். திரண்டது! சோறு எனக்கு, கஞ்சி அதற்கு.
பிழிந்த கட்டியைக் கைக்குள் இறுக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். விரலிடுக்கில் சொட்டினால் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். சொட்டவில்லை.

நாள் 26. பகல் 1.15
துணி நைந்துவிட்டது. சகதி இன்னும் கெட்டியாகத் திரளாவிட்டால் அதன் வழியே கசிகிறது. வெறும் கஞ்சி போதவில்லை. அரிசியையே அரைத்துக் காய்ச்சி ஊற்றுகிறேன். இயந்திரம் மூன்று வேளை சாப்பிடுகிறது, நான் ஒரு வேளை. தொப்பை கரைகிறது. என் மனைவி உயிரோடு இருந்தால் நம்பமாட்டாள்.
"சாப்டியாப்பா?"
"மூக்கு முட்ட."

நாள் 44. மாலை 5.30
"அப்பா, தண்ணியில சோத்து வாசம் வருது."
நான் கஞ்சிப் பானையை மூடினேன்.
"மருந்துக்குப் பதிலா என்னத்தப் போடுற? அப்பா... அரிசி எவ்வளவு இருக்கு?"
"உங்கம்மா மாதிரி கணக்குக் கேக்காதடி. குடி."
"நிறுத்துப்பா. நாங்க சமாளிச்சுக்கறோம்."
"பதினஞ்சு நாள் தண்ணி இல்லாமலா?"
அழுதாள்.
"அழாதடி. தண்ணி வீணாகுது."
சிரிப்பாள் என்று நினைத்தேன். வானொலியை அணைத்துவிட்டேன்.

நாள் 55. நேரம் பார்க்கவில்லை
கடைசிப் பிடி அரிசி. கொதிக்கும்போது என்ன வாசம்! ஒரு கரண்டி எடுத்தேன். திருப்பி ஊற்றிவிட்டேன்.
இந்தப் பிழிவோடு அவர்கள் தொட்டி நிறையும். கலம் வரும்வரை தாங்கும்.
இதைப் படிப்பவருக்கு: துணியைத் தினமும் அலசவும். பூவிழி கேட்டால், சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தான் என்று சொல்லவும்.
கட்டியை எடுத்துக் கைக்குள் இறுக்கினேன். சொட்டவில்லை. நன்றாகப் பிழிந்திருக்கிறதா, இல்லை, என் கையில்தான் பலம்