சீல் உடைக்காத மருந்து

திருப்பருத்திக்குன்றம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாலினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் சுகம். உன் சுகத்தை விசாரித்து எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் உன்னோடு மலைப் பள்ளியில் வேலை பார்க்கிற கமலவேணி நேற்று நேரிலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்ல மோனிஷா எழுதுகிறாள். அவள் வாயாடுவதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். (அக்கா, நான்தான். அந்த மலைமேல் உனக்கு இவ்வளவு ஃபேன்ஸ் சேர்ந்ததைச் சொல்லவே இல்லையே? முதல் எழுத்தை எடுத்துவிட்டுப் படி.)

விடுதிப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடப் போய் உனக்கும் பேன் தொற்றிக்கொண்டது என்று கமலவேணி சொன்னபோது நான் பதறவில்லை, டீச்சர் வேலைக்குப் போனால் அதுவும் சேர்ந்துதான் வரும். அவள் போனில் காட்டிய படத்தைப் பார்த்ததும்தான் பதறினேன். பிடரி முழுக்கச் சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்து, காதுக்குப் பின்னால் நெறி கட்டி, சாயங்காலமானால் காய்ச்சல் வேறு வருகிறதாமே. டாக்டர் கொடுத்த மருந்தை நீ தொடவே இல்லையாம். சீலைக்கூட உடைக்கல ஆன்ட்டி, ஜன்னல்மேல வச்சுட்டு அதையே பாத்துக்கினு இருக்கிறா, கேட்டா எங்க வீட்டுல உயிரக் கொல்ல மாட்டோம்னு சொல்றா என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு உட்காரவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை. உன் போனுக்கு டவர் கிடைப்பதில்லை, பள்ளிக்கூட போனில் பேசினால் ஊரே கேட்கும். கமலவேணி நாளை விடியற்காலை கிளம்புகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அரிப்பு அடங்க வீட்டு வைத்தியம் என்ன இருக்கிறது என்று மோனிஷாவைப் போனில் பார்க்கச் சொன்னேன். சின்ன வெங்காயச் சாறு என்றாள், சமணர் வீட்டு வாசற்படி வெங்காயம் ஏறுமா என்றேன். தேன் என்றாள், முட்டை வெள்ளைக்கரு என்றாள், எழுந்து அடிக்கப் போனேன். கற்றாழை என்றாள், வெட்ட வெட்டத் துளிர்க்கிற அதற்குள் எத்தனை உயிரோ வேண்டாம் என்றேன். (கடைசியில் மிஞ்சியது தண்ணீர் மட்டும்தான் அக்கா, அதையும் துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும்.) பிறகு எனக்குத் தெரிந்தபடி தேங்காய் எண்ணெயில் வேப்பிலையும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சி வடித்து, கூடவே பயத்தமாவும் கட்டி வைத்தேன். நீ சின்னவளாக இருந்தபோது செய்ததுபோல, எண்ணெய் தடவி மெதுவாக வாரி, ஒன்றைக்கூட நகத்தில் வைத்து நசுக்காமல் கொட்டாங்குச்சியில் போட்டு நிழலில் வைத்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது இந்தக் குட்டி, ஏம்மா, தலைய விட்டு எறங்குனா அதுங்க ரொம்ப நேரம் தாங்காதுன்னு எங்க சயின்ஸ் மிஸ் சொன்னாங்களே, அப்ப கொட்டாங்குச்சில போட்டதுக்கு இன்னாமா ஆச்சு என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. தெரியாமல் இல்லை மாலினி, மறுநாள் நான் அந்தக் கொட்டாங்குச்சியைப் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், மருந்தைப் போடு. டாக்டர் எப்படிச் சொன்னாரோ அப்படியே போடு, புண்ணையும் நெறியையும் மறுபடி காட்டு, மாத்திரை கொடுத்தால் விழுங்கு. தலையணை உறையையும் துண்டையும் கொதிக்கிற தண்ணீரில் போடு, அதையும் நான்தான் சொன்னேன். நகத்தை ஒட்ட வெட்டு. எண்ணெயெல்லாம் புண் ஆறிய பிறகு, மிச்ச அரிப்புக்குத்தான். சீயக்காய் எரியும், பயத்தமாவு தேய்த்துக் குளி. இதைக் கேட்டு அப்பா, கொல்லாமை விரதம் எடுத்த பொண்ணுக்குப் பெத்தவளே இப்படி எழுதுவியா தனம், உனக்கு இன்னாதான் ஆச்சு என்று குதித்தார். பாவம் என்னோடு போகட்டும் என்றேன், ஒருத்தர் வினை இன்னொருத்தருக்கு மாறாது என்றார். சரி, மாறாது. ஆனால் செய்தவருக்கும் செய்யச் சொன்னவருக்கும் ஒரே அளவு என்று அவர்தானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார். நீ செய், நான் சொன்னேன், உனக்கு வருவது எனக்கும் முழுசாக வரட்டும் என்றேன். அவர் எழுந்துபோய் டிவியைப் போட்டார். (செய்தியைக்கூட மியூட்டில் பார்க்கிறார்.)

நீ மருந்து போடுகிற நாளில் அதற்குப் பிராயச்சித்தமாக நான் உபவாசம் இருக்க வேண்டும். அது எந்த நாள் என்று இங்கே தெரியாது, ஆகவே கமலவேணி அங்கே வந்து சேரும் அன்று தொடங்கி உன்னிடமிருந்து தகவல் வரும்வரை எனக்கு வெந்நீர் மட்டும்தான். நீ உபவாசம் இருக்காதே, காய்ச்சல் உடம்பு, பொழுது சாய்வதற்குள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடு. வர்த்தமான சுவாமி உன்னைக் காப்பாற்றட்டும், நீ வாரிவிடுகிற பிள்ளைகளின் தலைகளும் குளிரட்டும். போட்டதும் சொல்லி அனுப்பு, மறக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
தனலட்சுமி ரிஷபதாஸ்

(அக்கா, இது விளையாட்டு இல்லை. அம்மா சொன்னால் செய்வாள், போன மாதம்தான் சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்தாள், உனக்குச் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டியிருந்தார்கள். கமலவேணி அக்காவிடம் சொல்லிவிட்டேன், வந்ததும் பையைக்கூட இறக்காமல் முதலில் அந்த மருந்தோடு உன் தலையில்தான் கை வைப்பாள். பேசாமல் குனிந்து உட்கார்.)