ஐந்து நல்ல இறால்கள்

தொண்டைமானாறு
12.06.2025, வியாழக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் ஆரணியும் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் சொல்கிறீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன்.

உங்களோடு வேலை செய்கிற றோய் நாளை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் நான் பாதி சொல்ல முன்னரே நீங்கள் பரவாயில்லை என்று விடுவீர்கள். இது அப்படி விடுகிற விஷயம் இல்லை.

எங்கள் குளத்து இறாலுக்கு வெண்புள்ளி நோய் என்று சந்தேகம். பண்ணைகளைப் பார்க்க வரும் ஜெயனி நேற்று மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறா. முடிவு சனிக்கிழமை வரும். உண்மையென்றால் ஒரு கிழமைக்குள் குளத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று ஒளிக்காமல் சொன்னா. இந்த அறுவடையோடு கட்டார் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. எங்கள் குளம் மட்டுமென்றால் அழுதுவிட்டு இருப்பேன். பக்கத்துக் கந்தப்பு அண்ணையின் குளமும் போகலாம். போனால் அது என்னால்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் குளத்தில் இறால் குஞ்சு விட்டோம். மே 19ஆம் திகதி ஜெயனி என் போனில் அந்தச் செயலியைப் போட்டுத் தந்தா. செயற்கை நுண்ணறிவாம். நோய்ப்பட்ட இறால்களின் படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகினதாம். தினமும் காலையில் ஐந்து இறாலைத் தட்டில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். கந்தப்பு அண்ணை தன் வரம்பில் நின்றபடி, உந்தப் போன் ஒரு நாளாவது இறால் குழம்பு தின்றிருக்குமோ, உது என்னெண்டு இறாலை அறியப்போகுது என்று கேட்டார். தின்னுறவைக்கு ருசிதான் தெரியும் ஐயா, நோய் தெரியாது என்றா ஜெயனி. அண்ணைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

படம் உங்கள் போனுக்கும் வர வேண்டும் என்று நான்தான் கேட்டுச் சேர்ப்பித்தேன். முதல் நாள் படத்தில் ஒரு இறாலுக்கு மீசை முறிந்திருந்தது. அன்றைக்கு வேலைத்தளத்திலிருந்து மூன்று தரம் போன் எடுத்தீர்கள், நினைவிருக்கிறதா? பின்னால் யாரோ உங்களை ஏசுகிற சத்தமும் கேட்டது. அடுத்த நாளிலிருந்து நான் தெரிந்தெடுக்கத் தொடங்கினேன். வலையில் இருபது வந்தால் அதில் தெளிந்த நிறமாக, மீசை முழுசாக, துள்ளுகிற ஐந்து. மற்றவற்றைத் திரும்பக் குளத்தில் விட்டேன். நீங்கள் படத்தைப் பார்த்துப் பெருவிரல் குறி அனுப்புவீர்கள். செயலி பச்சை காட்டும். இருபத்தொரு நாள் அப்படியே போனது.

ஞாயிறு காலை ஒன்றின் தலை ஓட்டில் வெள்ளையாகச் சின்னப் பொட்டுகள் கண்டேன். உப்புப் படிந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் சரியில்லை. நினைக்க விரும்பினேன். அதைக் குளத்தில் விட்டுவிட்டு வேறொன்றை வைத்தேன். பச்சை வந்தது. அன்றுதான் தண்ணீர் மாற்றும் நாள். பச்சையைப் பார்த்துவிட்டு மதகைத் திறந்தேன். எங்கள் தண்ணீர் பொது வாய்க்காலுக்குப் போனது. திங்கள் காலை கந்தப்பு அண்ணை அந்த வாய்க்காலில் இருந்துதான் தன் குளத்துக்கு இறைத்தார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வரம்போரம் பதினேழு இறால் செத்துக் கிடந்தது. அவற்றைப் படம் எடுத்தேன். உடனே சிவப்பு. அந்தப் படத்தை உங்களுக்கு வராமல் நிறுத்தியதும் நான்தான்.

நேற்று ஜெயனி பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அக்கா, உங்கடை குளத்திலை எல்லாம் இவ்வளவு வடிவோ என்று கேட்டா. என்னால் பொய் சொல்ல முடியவில்லை. நாலு மூலையிலும் வலை போட்டு, முதல் வருகிற ஐந்தையும் வந்தபடி எடுங்கோ எண்டெல்லோ சொன்னனான் என்றா. ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கந்தப்பு அண்ணையிடம் நானே போய்ச் சொன்னேன். போன் பாவம், புள்ளை, நீ காட்டினதைத்தானே அது பார்த்தது என்றார். பிறகு தீன் தட்டைத் தூக்கிப் பார்க்கப் போய்விட்டார். இன்று காலை அவருடைய இறால் தீனைத் தின்றிருக்கிறது என்று வரம்பில் நின்று கத்திச் சொன்னார். அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அத்தான்.

மதகைப் பூட்டிவிட்டேன். செத்ததைக் காகம் தூக்கி அடுத்த குளத்தில் போட்டால் அதனாலும் பரவுமாம். அதனால் குளத்துக்கு மேலே நூல் கட்டியிருக்கிறேன். பகல் முழுக்க வரம்பில் நின்று காகம் கலைக்கிறேன். சனிக்கிழமை வரை செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இனி உங்களைப் பற்றி. சித்திரை வருசத்துக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் கழுத்துக்கு மேலே. முன்னர் எழுதி அனுப்புவீர்கள், இப்போது எல்லாம் குரல் பதிவு. அப்பா ஏன் இப்ப எழுதுறேல்லை என்று முதலில் கேட்டவள் ஆரணி. றோயிடம், அவர் சுகமாக இருக்கிறாரோ என்று கேட்டேன். ஓம் அக்கா என்றார். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் உங்களோடு கோபிக்க மாட்டேன். கோபிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? சனிக்கிழமை முடிவு எதுவானாலும், வந்தபடியே உங்களுக்கு அனுப்புவேன். நீங்களும் ஒரு படம் அனுப்புங்கள். இரண்டு கையும் தெரிய வேண்டும். நல்லதாகத் தேடி எடுக்க வேண்டாம்.

சந்நிதி முருகன் உங்களோடு நிற்கட்டும்.

உங்கள்
உதயகலா