கண்ணுக்கு மட்டும் ஸ்பேர் இல்லை

கிராம்பு எண்ணெய் வாங்க இன்று காலை சூலியா தெருவுக்குப் போனேன். கடைக்காரர் புட்டியைத் திறந்து மூக்கருகே நீட்டினார். அவ்வளவுதான், கால் அங்கேயே நின்றுவிட்டது. கிராம்பு வாடை அடித்தால் மற்றவர்களுக்குப் பிரியாணி நினைவு வரும், இல்லாவிட்டால் பல்வலி. எனக்கு நீ. "மயக்கம் குடுக்காம கத்தியை வச்சே, உன்னையும் சேத்து மயக்கிடுவேன்லா" என்று மிரட்டிக்கொண்டே நம் ஆய்வுக்கூடத் தொட்டியில் சொட்டு விடுவாய். பல் துலக்கப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாள், எழவே இல்லை என்று உன் வீட்டுக்காரர் போனில் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தப் போன் இப்போதுதான் வந்தது போல இருக்கிறது.

தொட்டியில் இருந்தது ஆம்பியாக்ஸஸ். விரல் நீளம்கூட வராத, எலும்பே இல்லாத, மணலில் புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சோம்பேறி. நமக்குத் தூரத்துச் சொந்தம். உடம்பைக் கட்டி எழுப்பும் மரபணுக் குடும்பங்களில் அதற்குப் பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒரே ஆள்தான். முதுகெலும்பு வந்த நம் வழியில், ஆதிகாலத்திலேயே மொத்த மரபணுத் தொகுதியும் இரண்டு முறை இரட்டித்துவிட்டது. அதனால் அதே குடும்பத்தில் நமக்கு மூன்று பேர், நான்கு பேர்கூட உண்டு. புதிதாக வரும் மாணவர்களுக்கு நீ இதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாய்: "நமக்கு எல்லாத்துக்கும் ஸ்பேர் இருக்கு. அது பாவம், ஸ்பேர் டயர் இல்லாத கெரேத்தா."

நாம் பிடித்துக்கொண்டது கண்ணைத் தொடங்கிவைக்கும் மரபணுவை. ஈக்கும் அதுதான், எலிக்கும் அதுதான், மனிதருக்கும் அதுதான். சாயம் ஏற்றிய குஞ்சின் முன்நுனியில், அதன் கறுப்புப் புள்ளிக் கண்ணருகே, அந்த மரபணு வேலை செய்யும் இடத்தைக் காட்டும் நீலம் தெரிந்த அன்று நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய். "ஏய், இது என் கண்ணுடி!" என்று கத்தினாய். என்ன வார்த்தை சொன்னாய் என்று அப்போது நம் இருவருக்குமே தெரியாது.

உன் மகள் பிறந்தாள். வெளிச்சம் பட்டாலே கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதாள். புக்கிட் மெர்தாஜாமில் கண் மருத்துவரிடம் நானும் கூட வந்தேன். கண்மணியைச் சுற்றி இருக்கவேண்டிய நிற வளையமே குழந்தைக்கு இல்லை என்றார் அந்த அம்மா. டார்ச்சை அணைக்கப் போனவர், உன்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"நீங்க கொஞ்சம் மேல பாருங்க. உங்க கண்ணு சின்ன வயசிலேருந்தே இப்படித்தானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கண்மணி வட்டமாக இருக்காது, கீழே சாவித் துவாரம் போல இழுத்துக்கொண்டிருக்கும். பூனைக்கண்ணி என்று நான்தான் பட்டம் வைத்தேன். வெயில் ஆகாது என்பாய். நுண்ணோக்கி விளக்கை அடிவரை தணித்துத்தான் பார்ப்பாய். "கரண்ட் பில்லுக்குப் பயமா?" என்று கேட்டபடி நான் ஏற்றிக்கொள்வேன். கடுகளவு கூட இல்லாத புள்ளியில் அந்த மரபணுவைத் தேடித் தேடிக் கண்டுபிடித்த இரண்டு பேர், எதிர் நாற்காலியில் இருந்த கண்ணைக் கவனிக்கவே இல்லை!

பரிசோதனை முடிவில் அதே மரபணுவின் பெயர். தாயிடமும் தந்தையிடமும் வாங்கிய இரண்டில் ஒன்று பழுது, மற்றது தனியே தாக்குப்பிடிக்கவில்லை. உனக்கு லேசாக, அவளுக்குப் பலமாக. இரட்டித்தபோது ஸ்பேராக வந்த அதன் உடன்பிறப்பைப் பாலூட்டி வம்சம் எப்போதோ தொலைத்துவிட்டது. படித்த சங்கதிதான். போனால் போகிறது என்று பக்கத்தைப் புரட்டியிருந்தோம்.

கார் நிறுத்தும் இடத்தில் கேட்டாய்: "என்கிட்டேருந்துதான் போயிருக்கு. பெரியவளானா இவ என்னை மன்னிப்பாளாடி?" நான் குழந்தையை வாங்கிக்கொண்டு கார்க் கதவைத் திறந்தேன். அதன் பிறகு ஸ்பேர் என்ற சொல்லை நீ எடுக்கவே இல்லை.

இன்று மதியம் உன் மகளை அவள் அப்பா அழைத்து வந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தாள். அம்மா பார்த்ததைப் பார்க்கவேண்டும் என்று வெகுநாளாக நச்சரிப்பு. காலையில் எண்ணெய் வாங்கியது அதற்குத்தான். மயங்கிய குஞ்சை லென்ஸுக்குக் கீழே வைத்தேன். நான் சொல்லுமுன்பே அவள் கை விளக்கின் குமிழுக்குப் போயிற்று. இரண்டு விரலால் உருட்டி அடிவரை தணித்தாள். உன் விரல்களேதான். நான் குஞ்சை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன்.

"யாரும்மா சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. இப்படி வச்சாத்தான் கூசாது." வெகுநேரம் குனிந்திருந்தாள். "தெரியுது! கறுப்பா ஒண்ணு. கண்ணா அது?"

"ஆமா. உங்கம்மா கண்ணு, உன் கண்ணு, எல்லாம் தொடங்குறது அதே மாதிரிதான்."

அவள் நிமிர்ந்தாள். "அம்மா சாமானையெல்லாம் அப்பா அலமாரில பூட்டி வச்சிட்டாரு." தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இதை மட்டும் பூட்ட முடியாதுலா ஆன்ட்டி."

அவள் அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ என்னை மன்னிப்பாளா என்று அன்று கார் நிறுத்தும் இடத்தில் கேட்டாயே. இதோ, அவளே சொல்லிவிட்டாள். அவர்கள் போன பிறகு நான் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் விளக்கை ஏற்றக் கை போயிற்று, ஏற்றவில்லை. இந்த மங்கலிலும் நன்றாகத்தான் தெரிகிறதடி.