மூன்றாம் மாடி அம்மாளுக்கு லிஸ்பன்

லிஸ்பன்
10 ஜூன் 1994

அன்புள்ள அம்மா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துவிடு. இரவு மணி ஒன்றேகால். தெருவில் அந்தோனியார் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிறவர்கள் இப்போதுதான் பாட்டை நிறுத்தினார்கள். குழந்தை லியோனோரும் இப்போதுதான் தூங்கினாள்.

நீ காவல் பார்க்கும் பாரிஸ் கட்டடத்து மூன்றாம் மாடி அம்மாள் ஜூலைக் கடைசியில் இங்கே சுற்றிப் பார்க்க வருகிறார், முழங்கால் வலிக்காரர், எங்கெங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். சுற்றுலாத் தகவல் கவுண்டரில் மூன்று வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் எழுதுகிறேன்.

பெலேம் மடாலயத்துக்குத் திங்கட்கிழமை வேண்டாம், பூட்டியிருக்கும். 28ஆம் எண் டிராமில் காலை எட்டரைக்குள், அது கிளம்பும் இடத்திலேயே ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். கைப்பை மடியிலேயே இருக்கட்டும். கோட்டைக்கு ஏற வேண்டாம், சின்ன பஸ் போகிறது. நடைபாதைக் கல் வழுக்கும், குதிகால் செருப்பு கூடாது. எதுவும் முடியாவிட்டால் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அங்கே படியே இல்லை.

அந்த அம்மாளுக்கு இவ்வளவு விசாரிக்கிறாய். ஏப்ரலில் நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. ஜூலை பதினொன்றாம் தேதி நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைக் காப்பகத்தில் செப்டம்பரில்தான் இடம் கிடைக்கும். உன் மாப்பிள்ளை அர்மிந்தோவுக்குப் படகுத்துறையில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவில் நாலு தரம் எழுந்து பார்க்கிறேன். நீ இரண்டு மாதம் வந்து இருந்தால் போதும்.

செலஸ்தே சித்தி சொல்கிறாள்: "உங்கம்மாவுக்கு அந்தக் கட்டடத்து ஆளுங்கதான்டி குடும்பம். நீ எழுதி எழுதி கை ஓஞ்சதுதான் மிச்சம்." என்னை வளர்த்தவள் அவள், சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

உன் மகள்
தெல்மா


பாரிஸ்
17 ஜூன் 1994

தெல்மா கண்ணு,

மூன்றாம் மாடி அம்மாள் எங்கும் வரவில்லை. போன மாதமே மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். முழங்கால் என்னுடையது.

இங்கே குழாய் ரிப்பேருக்கு ஆள் வேண்டுமென்றால், "மூணாவது மாடி அம்மா கேக்கறாங்க"ன்னு சொன்னால்தான் வருவான். என் அறையில் ஒழுகினாலும் அப்படித்தான் சொல்வேன். இருபத்திரண்டு வருஷம் அப்படியே கேட்டுக் கேட்டு, உனக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. உன்னை நாலு வயதில் விட்டுவிட்டு வந்தவள், உன் பிள்ளைக்கும் உதவ மாட்டேன் என்று எப்படி எழுதுவேன்? மூன்று நாள் ஏதாவது விடுதியில் தங்கி, ஊரைப் பார்க்க வந்தவள்போல உன் கவுண்டருக்கு முன்னால் நின்று, உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தேன். அதற்குத்தான் எழுதிக் கேட்டேன்.

செலஸ்தே சொன்னதில் தப்பில்லை.

அம்மா
நொயேமியா


லிஸ்பன்
23 ஜூன் 1994

அம்மா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கோபப்படவும் தெம்பில்லை. பால் கொதிக்க வைத்துவிட்டு நின்றபடியே தூங்கியிருக்கிறேன்; அர்மிந்தோ வந்து அடுப்பை அணைத்தார்.

வரிசையில் உன்னை நிற்க வைத்து, கையில் வரைபடத்தைக் கொடுத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அடுத்தவங்க வாங்க" என்று நான் சொல்லியிருப்பேன்.

எங்கள் கட்டடத்துத் தரைத்தளத்தில் இருக்கும் அதலீனாவிடம் கேட்டேன். அவர் முன்னறை காலியாக இருக்கிறது. "வரட்டும்டி. என் ரேடியோ நாளெல்லாம் அலறும். தாங்குவாங்களான்னு மட்டும் கேளு," என்றார். காலையில் லியோனோரை நானே கீழே கொண்டுவந்து விடுவேன். தூக்கித் தர அதலீனா இருக்கிறார். நீ உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும்.

நாலு வயதில் என்னை விட்டுப் போனதை நான் மன்னித்துவிட்டதாக எழுத மாட்டேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது. நீ வந்தாலும் ஒரே நாளில் அதைப் பேசித் தீர்க்க முடியாது. ஆனாலும் வா. குழந்தைக்காக மட்டும் கூப்பிடவில்லை.

பதினொன்றாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். வருவாயா, மாட்டாயா, எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுது.

தெல்மா