முதுகுக்குப் போட்ட முப்பத்து மூன்று விம்மல்கள்

என் செல்லக் கழுதைக்கு,

அம்மா எழுதுவது. என் முட்டிவலி, அப்பாவின் பல்வலி இரண்டையும் கழித்துவிட்டால் இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு எனக்கு இருக்கிற குஷியில் உன்னைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

நீ அனுப்பிய பட்டியல் போன வாரம் வந்தது. அமெரிக்கப் படங்களில் ஆணையும் பெண்ணையும் எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆராயப் போன பெண், அம்மா தமிழில் குரல் கொடுத்த பதினாலு படத்தையும் அசலோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பாய் என்று நான் கண்டேனா? அசலில் பெண்கள் அழுவது பத்தொன்பது தடவை, தமிழில் ஐம்பத்திரண்டு, மீதி முப்பத்து மூன்றும் உன்னுடையதும்மா என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உன் போனை எடுக்கவில்லை. பெற்ற தாயைக் கட்டம் போட்டு மாட்டிவிடுகிறாளே என்று அப்பாவிடம் புலம்பினேன். அவர் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, ஏம்மா, ஃபிரிட்ஜைத் திறக்கிறவ எதுக்கு அழறா என்று கேட்டார். ஷூ கயிறு கட்டுகிறவள் ஏன் அழுகிறாள் என்றும் கேட்டார். எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவர் சிரித்த சிரிப்பில் டீ முழுக்க உன் பட்டியல் மேல்தான்.

எப்படி நடந்தது தெரியுமா? முகம் தெரிந்தால் வாய் அசைவுக்குச் சரியாகப் பேச வேண்டும். முதுகு தெரிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? உடனே எங்கள் டப்பிங் டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, அக்கா, முதுகு சும்மா இருக்கு பாருங்க, ஒண்ணு போடுங்க என்பார். நானும் ஒரு விம்மல் போட்டுவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அங்கே விம்மல் அக்கா என்றுதான் பேர். ஆம்பிளை அழுதால் மட்டும் அதை இருமலாக மாற்றிவிடுவோம், அதையும் உன் கட்டத்தில் சேர்த்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. வியாழக்கிழமை எனக்கு ஒரு விண்கலக் கேப்டன்! சீக்கிரம் வந்துடுங்க, ஜாக்கிரதையா போங்க என்று வழியனுப்பியே தொண்டை தேய்ந்தவளுக்கு முழுசாக இருநூறு வசனம், அத்தனையும் உத்தரவு! நான் பாட்டுக்கு விரட்டிக்கொண்டே போனேன். கடைசியில் அவள் புருஷனையும் குழந்தையையும் விட்டுவிட்டு, திரும்பி, கலத்தை நோக்கி நடக்கிறாள். முதுகு. ஒண்ணு போடுங்கக்கா என்றார் டைரக்டர். இவ அழலைங்க என்றேன். புள்ளையை விட்டுட்டுப் போறவ அழாம இருப்பாளா, முடியலைன்னா சொல்லுங்க, வேற வாய்ஸ் பாத்துக்கறேன் என்றுவிட்டார். இந்த வயதில் கிடைத்த முதல் கேப்டன் கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. பேசாமல் ஒன்று போட்டுத் தொலைப்போமா என்று வாயைத் திறந்துகூட விட்டேன். ஆனால் முப்பத்து நாலாவதை நீ கண்டுபிடித்துவிடுவாயே! அசல் சத்தத்தை ஒரு தடவை போடுங்க, அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். காலடிச் சத்தம், மூச்சு, அப்புறம் மெல்லிசாக ஒரு சிரிப்பு. அத்தனை வருஷம் ஆசைப்பட்ட வேலைக்குப் போகிறாள், சிரிக்காமல்? பின்னால் நிற்கிற புருஷன்தான் தேம்பித் தேம்பி அழுகிறான். டைரக்டர் தலையைச் சொறிந்தார். சரி, அவ சிரிச்சே தொலையட்டும் என்றார்.

கூத்து அதோடு முடியவில்லை. புருஷனுக்குக் குரல் நம்ம கர்ஜனை அண்ணன். மலை உடைகிற மாதிரி பேசுகிற மனுஷன், அழச் சொன்னால் மூன்று தடவையும் இருமுகிறார். கடைசியில் என் பக்கத்தில் வந்து, எப்படிம்மா போடறது, கொஞ்சம் சொல்லிக் கொடேன் என்று குழைந்தார். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்துப் பாதியில் விடுங்கண்ணே என்றேன். நாலாவது தடவை போட்டார் பார், அசல் தோற்றது! மனுஷனுக்கு அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. டைரக்டர் ஓடிப் போய்த் தண்ணீர் கொடுத்தார். நான் சிரித்த சிரிப்பில் அடுத்த டேக்கும் வீண்.

என் முப்பத்து மூன்றையும் தாராளமாக எழுது, இன்னார் அம்மா என்று வேண்டுமானாலும் போட்டுக்கொள், எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒன்று மட்டும் உன் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. நீ ஊருக்குப் போன அன்று விமான நிலையத்தில் திரும்பியே பார்க்காமல் போனாய். அழுதுகொண்டு போகிறாள் என் குழந்தை என்று ஒன்றரை வருஷமாக நினைத்து நினைத்து உருகினேன். நான் பார்த்ததோ உன் முதுகைத்தான். வியாழக்கிழமை வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் நின்றபடி அந்த விம்மலையும் எடுத்துவிட்டேன். சிரித்துக்கொண்டுதானே போனாய், திருட்டுப் பெண்ணே? அப்படியே இரு.

எடுத்த வேலை ஜெயித்து, நீ நன்றாக இருக்க வேண்டும். காது மூடும் குல்லாவைத் துவைத்துப் போடு. பட்டியல் இன்னொன்று அனுப்பு, பழசில் டீ கறை.

இப்படிக்கு,
உத்தரவு மட்டுமே போடும்
உன் அம்மா

அப்பா ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கினார். இருமுகிறார். அது இருமல் இல்லை.