தனியாகக் காயும் துண்டு

மதுக்கரை,
10.8.2025

அன்பு மகள் அக்ஷிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு, படிக்காமல் கிழிக்காதே.

அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. புனேயில் மழை அதிகமென்று செய்தியில் பார்த்தேன். உன் தோலுக்கு ஈரம் நல்லதா கெட்டதா, அதுகூட எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணன் ஸ்ரீனிவாஸின் குழந்தைக்குத்தான் சுகமில்லை. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும், உனக்கு வந்த அதே கரப்பான். சொறிந்து சொறிந்து நீர் வடிகிறது. "ஏனுங்க, அக்ஷிதா வந்து நின்னுட்டுப் போனாளல்லங்க, அதுலதான் ஒட்டியிருக்கும்" என்றாள் உன் அம்மா. நானும் தலையாட்டினேன். பெயர் வைத்துத் தொட்டில் போட்ட அன்று நீ குழந்தையைத் தொடவே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன வாரம் கோயம்புத்தூரில் தோல் டாக்டரிடம் காட்டினோம். இது ஒட்டுகிற நோயே இல்லையாம். பிறவியிலேயே சிலருக்குத் தோலின் காப்பு பலவீனமாக இருக்குமாம். மற்றவர் உடம்பில் சும்மா கிடக்கிற பாக்டீரியா அந்தத் தோலில் பெருகி, புண்ணை ஆறவிடாமல் கிளறிக்கொண்டே இருக்குமாம். அது பலருக்கு மூக்குக்குள் குடியிருக்கும் என்று சொல்லி, வீட்டில் எல்லோர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். என் மூக்கில் மட்டும்தான் இருந்தது.

"உங்களாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். எனக்குத் தொட்டில் நாள்தான் நினைவுக்கு வந்தது. "நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்க கண்ணு" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, அத்தையாக நீ சொல்ல வேண்டிய பெயரை நானே குனிந்து குழந்தையின் காதில் சொன்னேன். நீ சாப்பிடாமல் பஸ் ஏறினாய்.

ஒன்பது வயதிலிருந்து உனக்குத் தனித் தட்டு, தனித் துண்டு. குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவேன். எரியுது என்று அழுவாய். எரிந்தால்தான் கிருமி சாகும் என்பேன். அதையும் டாக்டரிடம் கேட்டேன். தோல் இன்னும் கெட்டிருக்கும் என்றார்.

ஐந்து நாளைக்கு மூக்கில் தடவ மருந்து கொடுத்திருக்கிறார். அதுவரை குழந்தையைக் கொஞ்சக் கூடாது என்று ஸ்ரீனிவாஸ் சொல்லிவிட்டான். நேற்று என் துண்டை எடுத்துப்போய், உன் துண்டு காய்ந்த அதே பின்பக்கக் கொடியில் போட்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சோறு இறங்கவில்லை. எனக்கு ஐந்து நாள்தான். நீ பதினெட்டு வருடம் எப்படிச் சாப்பிட்டாய்?

தப்புச் செய்துவிட்டேன், கண்ணு. வீட்டில் யாரிடமும் இப்படிச் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்று உனக்குத் தெரியும்.

குழந்தை பிரவீனாவுக்கு இப்போது உட்காரத் தெரிகிறது. ஒருமுறை வா. அவளை வாரியெடுத்து, அந்தப் பெயரை அவள் காதில் நீ சொல். நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ரங்கராஜ்